கொழும்பு வளவில் தாஹிட்டி மரங்கள்: ஈரப்பலாவை வேரில் எடுப்பதும் அம்பரெல்லாவைச் சாடியில் வளர்ப்பதும்

பழைய ஆங்கிலத் தோட்டப் புத்தகத்திலோ வெளிநாட்டு விதைப் பட்டியலிலோ 'ஓட்டஹீட்டி' என்று தொடங்கும் பெயரைக் கண்டால், எந்த மரம் என்று உறுதிசெய்த பிறகே காசைக் கொடுங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பசிபிக் கடலிலுள்ள தாஹிட்டித் தீவை அப்படித்தான் எழுதினார்கள். தீவார் 'ஓ தாஹிட்டி', அதாவது 'இது தாஹிட்டி' என்று சொன்னதை முழுப் பெயராகவே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பிறகு அந்தப் பக்கத்துச் செடிகளுக்கெல்லாம் அதே பெயரை முன்னால் ஒட்டியதால் இன்றைக்கும் குழப்பம். 'ஓட்டஹீட்டி ஆப்பிள்' என்றால் ஜமைக்காக்காரருக்கு நம்முடைய ஜம்பு. வேறு புத்தகங்களில் அதுவே அம்பரெல்லா. 'ஓட்டஹீட்டி கூஸ்பெரி' என்பது அரைநெல்லி. ஓட்டஹீட்டிக் கரும்பும் உண்டு, ஆனால் அது வளவுக்குரிய பயிர் அல்ல.

கன்றாக இருக்கும்போதே இவற்றைப் பிரித்தறியலாம். அம்பரெல்லாவில் ஒரு நீண்ட காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் சோடி சோடியாக இருக்கும். ஜம்புவின் இலை தனி இலை. தடிப்பாக, மினுமினுப்பாக, எதிரெதிரே வரும். அரைநெல்லியின் இலை சிறியது. மரம் வளர்ந்த பிறகு வெளிர்மஞ்சள் காய்கள் கிளையோடு ஒட்டிக் கொத்தாய்த் தொங்கும்போது சந்தேகமே வராது.

ஆனால் தாஹிட்டி என்றால் முதலில் பேச வேண்டியது ஈரப்பலாவைத்தான். பிரிட்டிஷார் கப்பலில் ஆளனுப்பித் தேடிய மரம் அது.

இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஈரப்பலா 15 மீற்றருக்கு மேல் போகக்கூடிய மரம். கவாத்துச் செய்து அடக்கினாலும் குடை 8 மீற்றர் விரியும். அது ஏறத்தாழ 50 சதுர மீற்றர், அதாவது 2 பேர்ச் நிலம் முழுக்க அதன் நிழல். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ 6 பேர்ச் காணியில் வீடு, கராஜ், மலக்குழி எல்லாம் போக மிஞ்சும் துண்டில் இதை நடுவது வம்பை விலைக்கு வாங்குவது. மதில், மலக்குழி, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 5 அல்லது 6 மீற்றர் தள்ள வேண்டும். மேலே மின்கம்பியும் இருக்கக்கூடாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். இலங்கைச் சட்டப்படி பலாவையும் ஈரப்பலாவையும் நினைத்தபோது தறிக்க முடியாது. பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். நட்ட பிறகு இடம் பிழைத்துவிட்டது என்று மனம் மாறினால் அலைச்சல்தான். இடம் போதாதவர்கள் கீழே உள்ள அம்பரெல்லாப் பகுதிக்குத் தாவிவிடலாம். அதற்கு ஒரு பெரிய சாடி போதும்.

வத்தளை, இரத்மலானை, கொலன்னாவை போன்ற இடங்களில் 10 பேர்ச்சுக்கு மேல் வளவு உள்ளவர்களுக்கு ஈரப்பலா நல்ல மரம். கொழும்பின் வெப்பமும் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவு மழையும் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பவளத் தீவுகளிலேயே வளரும் மரம் என்பதால் கடற்காற்றையும் ஓரளவு தாங்கும். தாங்காதது தேங்கும் தண்ணீர் ஒன்றைத்தான்.

விதை இல்லாத மரத்துக்குக் கன்று எங்கிருந்து?

நாம் கறி வைக்கும் ஈரப்பலாவில் விதை கிடையாது. எனவே 'விதையில் முளைத்த கன்று' என்று யாராவது விற்றால் அது ஈரப்பலா அல்ல. பலாவாகவோ, நம் நாட்டுக் காடுகளுக்கே உரிய காட்டு ஈரப்பலாவாகவோ இருக்கும். சிங்களத்தில் 'பெதி தெல்' என்பது அதைத்தான். அதன் விதையைச் சாப்பிடுவார்கள், ஆனால் நீங்கள் தேடுவது அதுவல்ல. இளம் கன்றில் இலையின் வெட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், இரண்டும் ஏமாற்றும். பையின் மேல்மண்ணை விரலால் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். விரல் தடிப்பான பழைய வேர்த் துண்டு ஒன்றின் பக்கத்திலிருந்து தண்டு கிளம்பியிருந்தால் அது வேர்க்கன்று. நம்பி வாங்கலாம்.

நீங்களே எடுப்பதென்றால் இரண்டு வழி உண்டு. இலகுவானது மரத்திலேயே முளைக்க வைப்பது. நல்ல காய் தரும் மரத்தின் அடியில் மண்ணுக்கு மேலே தெரியும் ஒரு வேரைத் தேடி, 5 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பட்டையைச் சுரண்டி, அந்த இடத்தைக் கூட்டெருவால் மூடி ஈரமாக வைத்திருங்கள். காயம்பட்ட இடத்தில் முளை வரும். முளை 50, 60 சென்ரிமீற்றர் உயரும்வரை தொடக்கூடாது. பிறகு தாய்மரப் பக்கத்து வேரைப் பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டி, மூன்று நான்கு கிழமை விடுங்கள். முழுவதையும் ஒரே நாளில் அறுத்து எடுத்தால், சொந்த வேர் போதாமல் இலை தொங்கி இரண்டே நாளில் கன்று போய்விடும். பாதி வெட்டு அதைத் தன் காலில் நிற்கப் பழக்கும்.

இரண்டாவது வழி வேர்த்துண்டு. கூடுதல் கன்று வேண்டுமானால் இதுதான். காய்கள் ஓய்ந்து, புதுத்தளிர் விடுவதற்கு முன்னான காலமே சரி. தளிர் விட்ட பிறகு வேரில் சேமிப்பு குறைந்திருக்கும். முதல்நாள் மண்ணை நன்றாக நனைத்து, அடிமரத்திலிருந்து ஒன்றரை மீற்றர் தள்ளிச் சிறு மண்வெட்டியால் மெதுவாகக் கிளறுங்கள். 2 முதல் 4 சென்ரிமீற்றர் தடிப்புள்ள வேர் வேண்டும். அதைவிட மெல்லியதில் முளைக்கப் பலம் இருக்காது. தடித்ததை வெட்டினால் தாய்மரத்துக்குப் பாதிப்பு. ஒரே பக்கத்தில் மட்டும் எடுங்கள். சுற்றிவர வெட்டினால் அடுத்த பெருங்காற்றில் மரம் சாயும்.

துண்டு 20 முதல் 25 சென்ரிமீற்றர் நீளம். வெட்டும்போதே ஒரு ஒழுங்கு: தாய்மரப் பக்கத்து முனையை நேராகவும், மறுமுனையைச் சரிவாகவும் வெட்டுங்கள். பத்துத் துண்டைக் கூடையில் போட்ட பிறகு எது மேல், எது கீழ் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நேர்முனை எப்போதும் மேலே. தலைகீழாக நட்டால் முளை பிந்தும் அல்லது வரவே வராது.

பால் வடிந்து முடிந்ததும் கழுவி, செம்பு கலந்த பங்கசு நாசினிக் கரைசலில் பொதியில் சொன்ன அளவுக்கு நனைத்தெடுங்கள். இல்லாவிட்டால் வெட்டு வாயில் விறகுச் சாம்பலாவது பூசுங்கள். ஆற்றுமணலும் தும்புச்சோறும் சரிபாதி கலந்த, அடியில் துளையுள்ள பெட்டியில் துண்டுகளைச் சரிவாக நிறுத்தி, நேர்முனை 2 சென்ரிமீற்றர் வெளியே தெரியும்படி விடுங்கள். படுக்கைவாட்டில் புதைப்பவர்களும் உண்டு. ஆனால் கொழும்பு மழையில் சரிவாக நிறுத்துவதே மேல். அழுகல் தொடங்கினால் வெளியே தெரியும் முனையில் கறுப்பாக உடனே கண்ணில் படும். பாதி நிழல் போதும். தும்புச்சோற்றைக் கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. புளித்த வாடை வந்தால் தண்ணீர் கூடிவிட்டது என்று அர்த்தம்.

முளை ஒரு மாதத்திலும் வரலாம், மூன்று மாதமும் ஆகலாம். பெரும்பாலானோர் கன்றைக் கொல்வது இந்தக் கட்டத்தில்தான். பச்சை முளையைக் கண்டதும் பைக்கு மாற்றிவிடுகிறார்கள். முதலில் வருவது முளை, வேர் பிறகுதான். அந்த முளை வாழ்வது பழைய துண்டின் சேமிப்பில். 20 சென்ரிமீற்றர் உயர்ந்து, இலை வெட்டுவிட்டு முற்றி, மெதுவாக அசைத்துப் பார்க்கும்போது மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் மட்டும் மாற்றுங்கள். ஈரப்பலாக் கன்று எடுத்துவரப் பிரிட்டிஷார் அனுப்பிய கப்டன் பிளையின் 'பவுண்டி' கப்பல் 1788 ஒக்டோபர் 26இல் தாஹிட்டி சேர்ந்து, 1789 ஏப்ரலில்தான் கிளம்பியது. அத்தனை மாதம் தங்கியதற்குக் கன்றுகள் வேர்பிடிக்க வேண்டியிருந்ததும் ஒரு காரணம். 1,015 கன்றுகள் ஏற்றினார்கள். மூன்று கிழமை கழித்து மாலுமிகள் கலகம் செய்து பிளையைப் படகில் இறக்கிவிட்டு, கன்றுகளைக் கடலில் வீசினார்கள். அவர் 'புரொவிடன்ஸ்' கப்பலில் மறுபடி போய் எடுத்து வந்த கன்றுகள்தான் 1793இல் மேற்கிந்தியத் தீவுகளை எட்டின.

நடவு

மே கடைசியில் தென்மேல் பருவமழை பிடித்த பிறகு, அல்லது ஒக்டோபரில். 60 சென்ரிமீற்றர் நீள, அகல, ஆழக் குழி. மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய கூட்டெரு. கால்வாய்ப் பக்கத்துத் தாழ்ந்த காணியென்றால் குழி தோண்டவே வேண்டாம். மண்ணைக் குவித்து 45 சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு மேடை கட்டி அதன் மேல் நடுங்கள். தண்ணீர் நின்ற குழியில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும், இலை மஞ்சளாகும். அதைப் பசளைக் குறை என்று நினைத்து யூரியா போட்டால் கதை முடிந்தது.

முதல் இரண்டு மாதம் தென்னோலை நிழல். சுற்றிவர 10 சென்ரிமீற்றர் தடிப்புக்குச் சருகு மூடாக்கு, ஆனால் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. முதல் வருடம் மழையில்லாத கிழமைகளில் இரண்டு தரம் பத்துப் பத்து லீற்றர் தண்ணீர். ஜனவரி, பெப்ரவரியில் மறக்கக்கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலோன் கயிறு தண்டில் பட விடாதீர்கள். அந்தக் காயம் வழியாகத்தான் பங்கசு புகும்.

கன்று ஒன்றரை மீற்றர் வந்ததும் நுனியை வெட்டிப் பக்கக் கிளை விடச் செய்யுங்கள். அதன் பின் ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் நேராக மேலே ஓடும் கிளைகளைக் குறைத்து, 6 மீற்றருக்குள் வைத்திருந்தால் கொக்கத்தடிக்கு எட்டும். காய் பிடிப்பது கிளை நுனியில். ஆகவே கண்ட நேரத்தில் நுனி வெட்டினால் அந்தப் போகம் போச்சு.

காய்க்கத் தொடங்கிய பிறகு

வேர்க்கன்று மூன்று முதல் ஐந்து வருடத்தில் காய்க்கும். முதல் தடவை மரத்தடியில் விரல்நீளத்துக்கும் கூடிய, பஞ்சுபோல் மெத்தென்ற மஞ்சள்பழுப்புத் தடிகள் விழுந்து கிடப்பதைப் பார்த்து, பிஞ்சு கொட்டுகிறது என்று பதறிப்போய் மருந்து தேடுவார்கள். அவை ஆண்பூக்கள். விழத்தான் வேண்டும். ஆனால் கூட்டி அள்ளிவிடுங்கள். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால் காய்க்கும் தொற்றும். மழை மாதங்களில் காயில் பழுப்புப் புள்ளி வந்து வெள்ளைப் பூஞ்சணத்தோடு பரவினால் அழுகல் நோய். அந்தக் காயைப் பறித்துப் புதையுங்கள், நடுக்கிளைகளைக் குறைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். மரத்தில் காய்ந்து தொங்கும் பழைய காய்களை விட்டுவைப்பதுதான் அடுத்த வருட நோய்க்கு வித்து.

பூவிட்டு நாலு மாதம் அளவில் காய் முற்றும். கைக்கெட்டும் தூரத்தில் பாருங்கள்: பிஞ்சில் தோலின் ஒவ்வொரு கட்டமும் கூர்மையாய் எழும்பி, கைக்குச் சொரசொரக்கும். முற்றும்போது அவை தட்டையாகி, பச்சை லேசாக மஞ்சளுக்கு மாறும். கட்டங்களுக்கிடையே பழுப்புக் கோடு ஓடும். தோலில் ஆங்காங்கே பால் கசிந்து சிறு துளியாய் உறைந்திருக்கும். அந்தத் துளிதான் நம்பகமான அடையாளம். சந்தையில் வாங்கும்போதும் அதைப் பார்த்தே எடுங்கள்.

காம்போடு பறித்து, நிலத்தில் விழாமல் வலையிலோ சாக்கிலோ பிடியுங்கள். அடிபட்ட காய் ஒரே நாளில் குழையும். காம்பை ஒடித்து, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு மணித்தியாலம் வைத்தால் பால் வடிந்துவிடும். சாதாரண அறையில் ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் பழுத்து இளகும். முழுக்காயாகப் பிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் தோல் கறுத்துவிடும். இரண்டு நாள் தள்ளிப்போட வேண்டுமென்றால் வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வைக்கலாம். நீண்டகாலத்துக்கென்றால் துண்டாக்கி, பத்து நிமிடம் உப்புநீரில் அவித்து, ஈரம் உலர்த்தி உறைய வையுங்கள்.

வெட்டுமுன் கைக்கும் கத்திக்கும் தேங்காயெண்ணெய். பால் ஒட்டிய கத்தியை முதலில் சவர்க்காரத்தால் கழுவினால் போகாது. எண்ணெய் தொட்ட கடதாசியால் துடைத்த பிறகே கழுவ வேண்டும். நாலாய்ப் பிளந்து, நடுவில் உள்ள பஞ்சுத் தண்டை அரிந்தெறிந்து, தோலைத் தடிப்பாகவே சீவுங்கள். கஞ்சத்தனமாய்ச் சீவினால் பச்சைக் கோடு மிஞ்சி நாவில் கயர்க்கும். வெட்டிய துண்டு உடனே உப்புத் தண்ணீரில், இல்லாவிட்டால் கறுக்கும்.

நாலு பேருக்குக் கறி என்றால் சீவிய துண்டு 500 கிராம். ஒன்றரைக் கோப்பை இரண்டாம் பால், அரைத் தேக்கரண்டி மஞ்சள், இரண்டு தேக்கரண்டி கறித்தூள், கீறிய பச்சை மிளகாய் மூன்று, சின்ன வெங்காயம் ஒரு பிடி, வெந்தயம் கால் தேக்கரண்டி, ரம்பை ஒரு துண்டு, கறிவேப்பிலை, உப்பு எல்லாம் சேர்த்து மூடாமல் மிதமான நெருப்பில் 15 நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் அரைக் கோப்பை முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன் இறக்குங்கள். இளகத் தொடங்கிய காயென்றால் பாலில் கரைந்து கூழாகும். அதைக் கறிக்கு எடுக்காமல் அவித்து, தேங்காய்ப்பூவோடும் கட்டைச்சம்பலோடும் காலைச் சாப்பாட்டுக்கு வையுங்கள். உண்மையில் ஈரப்பலாவின் ருசி தெரிவது அதில்தான். பொரியலுக்கு 2 மில்லிமீற்றர் சீவல். ஈரம் முழுக்கத் துடைக்காவிட்டால் சட்டியில் மொறுமொறுப்பு வராது.

இடமில்லாதவர்க்கு: சாடியில் அம்பரெல்லா

குட்டை அம்பரெல்லா 2, 3 மீற்றருக்குள் நிற்கும். விதையிலிருந்தே ஒரு வருடத்திலோ இரண்டிலோ காய்க்கும். பத்தரமுல்லைப் பக்கத்துக் கன்றுக் கடைகளில் காயோடு நிற்பதைப் பார்த்தே வாங்கலாம். காய் இல்லாத கன்றை வாங்கினால் அது பெரிய இனமாகவும் இருக்கக்கூடும். அது 10 மீற்றர் தாண்டும்.

60 லீற்றர் சாடி அல்லது பாதியாய் வெட்டிய பீப்பாய், அடியில் விரல் போகும் துளை குறைந்தது ஆறு. மேல்மண் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, தும்புச்சோறு ஒரு பங்கு. மழையில் ஊறினால் 70 கிலோவுக்கு மேல் கனக்கும், ஆகவே மொட்டைமாடியில் வைப்பவர்கள் தூணுக்கோ விட்டத்துக்கோ நேர் மேலே வையுங்கள். அடியில் தட்டு வேண்டாம். இரண்டு செங்கல்லில் தூக்கி நிறுத்துங்கள். தட்டில் நிற்கும் தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேர் வெயில் இல்லாவிட்டால் இலைதான் மிஞ்சும். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஒரு கிலோ கூட்டெருவும் ஒரு பிடி சாம்பலும் போதும். வறட்சி மாதத்தில் இலை மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், இந்த மரத்தின் சுபாவம் அது. அந்த நேரம் தண்ணீரைக் குறையுங்கள். இலையில்லாத மரத்துக்குத் தினமும் ஊற்றினால் வேர்தான் அழுகும்.

மெய்யான எதிரி இலை தின்னும் வண்டு. அதன் புழு தன் எச்சத்தையே முதுகில் பூசிக்கொண்டு பிசுபிசுவென்று இலையடியில் கூட்டமாயிருக்கும். விட்டால் சில நாளில் காம்பு மட்டும் மிஞ்சும். கையுறை போட்டுப் பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும், அதனால் சாடியின் மேல்மண்ணை 5 சென்ரிமீற்றர் கிளறி வெயில் காட்ட வேண்டும். சாடி மரத்துக்கு மருந்தடிக்க வேண்டிய தேவையே வராது.

கறிக்குக் காய் முழு அளவு வந்து பச்சையாய், கல்லாய் இருக்கும்போது பறியுங்கள். முற்ற முற்றக் கொட்டையின் முள்நார் சதைக்குள் இறுகும். சிறு பிள்ளைகளின் தொண்டைக்கு அது ஆகாது. ஆறு காயைத் தோல் சீவி, அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிப் பிளந்து, கொட்டையோடு ஒரு கோப்பை இரண்டாம் பாலில், கறுவாத் துண்டு, மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு சேர்த்து 20 நிமிடம் அவியுங்கள். இளகியதும் சீனி இரண்டு மேசைக்கரண்டி, பிறகு முதற்பால். புளி கூடிய காயில் முதற்பாலை விட்டுக் கொதிக்க வைத்தால் திரியும். அடுப்பை அணைத்துவிட்டுக் கலப்பதே பாதுகாப்பு. காலிமுகத்திடல் வண்டிகளில் விற்பது போன்ற அச்சாறுக்கு இன்னும் இளசான காய் வேண்டும், கொட்டை கத்திக்கு வெட்டுப்படும் பருவம்.

ஜம்புவுக்கு ஈரப்பலா அளவு இடம் தேவையில்லை, ஆனால் பழமும் பூவும் கொட்டி முற்றம் வழுக்கும். வாகனம் நிறுத்துமிடத்தில் வேண்டாம். அரைநெல்லி மதிலோரத்தில் அடங்கி வளரும். அதன் காயைச் சம எடை சீனியோடு சிறு நெருப்பில் நேரமெடுத்துக் காய்ச்சினால் மஞ்சள் நிறம் மெல்ல மெல்லச் சிவப்பாய் மாறும். அந்தச் சிவப்பு வந்தபின் இறக்குங்கள். புளி கடுமையானது என்பதால் அலுமினியச் சட்டியில் காய்ச்சாமல் எவர்சில்வர் அல்லது மண்சட்டி எடுங்கள்.